நிலநடுக்க அபாயம் (குன்றத்தூர் – தாம்பரம் வட்டாரம்)

சென்னையின் தென்மேற்குப் புறநகர்களான குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகியவை மிதமான நிலநடுக்க அபாயம் உள்ள பகுதியில் அடங்கும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு 2002இல் திருத்தப்பட்டபோது, சென்னை வட்டாரம் இரண்டாம் மண்டலத்திலிருந்து, மிதமான அபாயத்தைக் குறிக்கும் மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. குன்றத்தூர் கடலுக்கு 15 கி.மீ.க்கும் அப்பால் இருப்பதால் சுனாமி எட்டாது.

பாறை

வட்டாரத்தின் அடித்தளம் சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. கட்டட வேலையில் கருங்கல் எனப்படுவது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி யோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இப்பாறையே; அது கல்கத்தா புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற அந்தக் கல்லை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்டு, 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். 1900இல் இதைப் பற்றி விரிவான ஆய்வேட்டையும் வெளியிட்டார். பல்லாவரமும் பரங்கிமலையும் இப்பாறையின் மூல இடங்களாக உலகப் புவியியலாளர்களால் அறியப்படுகின்றன. பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். இத்தகைய தொன்மையான நிலத்தில் பேரதிர்வு தோன்றுவது அரிது.

உணரப்பட்ட அதிர்வுகள்

1881 டிசம்பர் 31 கார் நிக்கோபார் நிலநடுக்கம் எழுப்பிய சிறு சுனாமி அலைகள் கிழக்குக் கரையின் அலைமானிகளில் பதிவாயின. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் தோன்றிய அதிர்வு (அளவு சுமார் 5.5) சென்னையிலும் உணரப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலம் அதிர்ந்து, சில மணி நேரத்தில் மெரினாவைச் சுனாமி தாக்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா கடலில் 8.6 அளவு நடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தனர். அம்முறை நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. 2014 மே 21 இரவு வங்கக் கடல் அதிர்வும் (6.0) உணரப்பட்டது.

மண்ணும் கட்டடமும்

பாறைமேல் நிற்கும் வீட்டைவிட, களிமண்ணிலோ தூர்த்த ஏரியிலோ நிற்கும் வீடு கூடுதலாகக் குலுங்கும். கீழ்த்தளம் முழுவதையும் வண்டி நிறுத்தத்துக்குத் திறந்துவிட்ட அடுக்ககங்களில் அத்தளமே நலிந்த இடம். தூண் கம்பியைச் சுற்றும் ரிங்குகள் நெருக்கமாக இருப்பதும், அவற்றின் முனைகள் 135 பாகையில் உள்ளே வளைந்திருப்பதும் தூணைக் காக்கும். குன்றத்தூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டி வந்த 11 மாடிக் கட்டடம், நிலநடுக்கம் ஏதுமின்றியே சரிந்து 61 பேர் இறந்தனர்.

இன்றைய நிலை

ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் மையம் கடற்கரைக்குச் சுனாமி எச்சரிக்கை தருகிறது. 2002க்கு முன் எழுந்த கட்டடங்கள், விதிப்படி கட்டப்பட்டிருந்தாலும், பழைய மண்டலக் கணக்கில் அமைந்தவையே.