ஆறு நாள் விரதத்தில் உடம்பு எதை எரிக்கிறது?

மன்னார் – பூநகரி வீதியில், வெள்ளாங்குளத்தில் இருக்கும் என் பெரியம்மா ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடிப்பவர். போன முறை நான்காம் நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "வாய் ஒரு மாதிரி மணக்குது பிள்ளை, பழம் அழுகின மாதிரி" என்றார். கைத்தொலைபேசியிலிருந்து நிமிராமலே பேரன் சொன்னான்: "அம்மம்மா கீட்டோசிஸுக்குப் போயிட்டா. ஆறு நாள்ல அஞ்சு கிலோ கொழுப்பு கரையும்."

முதல் வசனம் அநேகமாகச் சரி. இரண்டாவது பிழை.

சாப்பாடு நின்றதும் உடம்பு முதலில் எடுப்பது ஈரலில் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை. அது ஏறக்குறைய 100 கிராம்தான். ஒரு நாள், கொஞ்சம் மிஞ்சிப் போனால் ஒன்றரை நாள் வரும். இதற்கிடையில் இரத்தத்தில் இன்சுலின் இறங்குகிறது. இன்சுலின் இருக்கும்வரை பூட்டிக் கிடக்கும் கொழுப்புக் கலங்கள் அப்போதுதான் நன்றாகத் திறக்கின்றன. வெளியே வரும் கொழுப்பமிலங்களைத் தசையும் இதயமும் நேரடியாக எரித்துக்கொள்ளும். மூளையால் அது முடியாது. அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். சாப்பாடு இல்லாதபோது அதில் பெரும்பங்கைத் தசையை உடைத்துத்தான் ஈரல் தயாரிக்கிறது. ஆரம்ப நாட்களில் இப்படிக் கரையும் புரதம் நாளொன்றுக்கு 75 கிராம் அளவில் இருக்கும். அதே வேகத்தில் போனால் சில வாரங்களில் மூச்சு விடும் தசைகூட மிஞ்சாது.

அந்த இடத்தில்தான் கீட்டோன்கள் வருகின்றன. இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து ஈரல் கொழுப்பமிலத்தை மூளை எரிக்கக்கூடிய கீட்டோன்களாக மாற்றி அனுப்புகிறது. அதில் ஒரு பகுதி அசிட்டோனாகி மூச்சில் வெளியேறும்; பெரியம்மா சொன்ன மணம் அதுதான். வாரக்கணக்கில் உண்ணாதிருந்தவர்களின் மூளைக்கு மூன்றில் இரண்டு பங்கு சக்தி கீட்டோன்களிலிருந்தே கிடைப்பதை 1967இல் ஒலிவர் ஓவன், ஜோர்ஜ் கேஹில் குழுவினர் பொஸ்டனில் அளந்து காட்டினார்கள். அந்தக் கட்டத்தில் புரத இழப்பு நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆக, கீட்டோசிஸ் என்பது மெலிவதற்கான வித்தையே அல்ல. பஞ்சத்தில் தசையைக் காப்பாற்ற உடம்பு கண்ட வழி.

ஐந்து கிலோவுக்கு வருவோம். நாளுக்கு 1800 கலோரி செலவழிக்கும் ஒருவர் அது முழுவதையும் கொழுப்பிலிருந்தே எடுத்தாலும் 200 கிராம்தான் எரியும். ஆறு நாளுக்கு 1.2 கிலோ. முதல் இரண்டு நாளும் சர்க்கரையும் தசையும் பங்கு போடுவதால் ஒரு கிலோ என்றே வைக்கலாம். நிறை பார்க்கும் மெஷின் அதைவிடக் கூடுதலாக இறங்கிக் காட்டுவது தண்ணீரால். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் அதோடு நீரையும் வெளியே விடும். பாரணை முடிந்து இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடும். பாலும் பழமும் எடுத்து விரதம் இருப்பவர்களுக்கோ, ஒரு வாழைப்பழத்தின் 25 கிராம் மாச்சத்தே கீட்டோனைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். நோன்பில் பகல் முழுதும் பட்டினி கிடந்தாலும் இரவில் உண்பதால் கீட்டோசிஸின் வாசலைத்தான் எட்டிப் பார்க்கலாம்.

கொழுப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1987 செப்டெம்பர் 15இல் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கிய திலீபன் 26ஆம் திகதி இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 19இல் மட்டக்களப்பு மாமாங்கத்தில் நீர் மட்டும் அருந்தி இருந்த அன்னை பூபதி இறந்தது ஏப்ரல் 19இல். திலீபனின் உடம்பில் எரிக்கக் கொழுப்பு மிச்சம் இருந்திருக்கும். தண்ணீர்தான் இல்லை.

பெரியம்மாவைப் பற்றி என் பயம் வேறு. அவருக்குச் சீனி வருத்தம். ஆரோக்கியமான உடம்பில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச இன்சுலினே கீட்டோனை எல்லைக்குள் வைத்திருக்கும். இன்சுலின் அறவே சுரக்காதவர்களுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற குளிசை போடுபவர்களுக்குச் சீனி அளவு சாதாரணமாக இருக்கும்போதே இது நடக்கலாம், அதனால் மீற்றரைப் பார்த்து ஏமாறவும் கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் விரதத்தை விட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டியதுதான். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த விளையாட்டுக்கே போகக் கூடாது.

கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மெட்ஃபோர்மினும் கிளிக்லசைட்டும் எழுதியிருந்தது. கிளிக்லசைட்டை வெறும் வயிற்றில் போட்டால் சீனி விழுந்து மயங்க வேண்டியதுதான்.

"குளிசை போட்டனீங்களா?"

"சாப்பிடாமல் எப்பிடிப் போடுறது? நானே விட்டிட்டன்."

பக்கத்து வீட்டு மீற்றரில் 98 காட்டியது. வாந்தியும் இல்லை, தெளிவாகக் கதைத்தார். ஆனாலும் அன்று பின்னேரமே டொக்டரிடம் கூட்டிப் போனேன். குளிசையை நிறுத்துவதா குறைப்பதா என்று விரதத்துக்கு முன்னமே வந்து கேட்டிருக்க வேண்டும் என்று அவர் சத்தம் போட்டார். மிச்ச இரண்டு நாளும் இளநீரும் பாலும் எடுக்கப் பெரியம்மா அரை மனதோடு சம்மதித்தார். அடுத்த ஐப்பசிக்கு இரண்டு கிழமை முன்னம் கொப்பியோடு கிளினிக் போவதாக என்னிடம் சத்தியம் வாங்கப்பட்டிருக்கிறது, கூட்டிப் போக வேண்டியது நான்தான்.