எந்தத் துறை நிபுணர் என்பதா, எந்தக் கை என்பதா: மும்பையில் பல் இம்ப்ளான்டின் தொடக்ககாலத் தோல்வி

தாடை எலும்பில் பொருத்திய டைட்டானியம் இம்ப்ளான்ட், மேலே பல் கட்டுவதற்கு முன்பே ஆடத் தொடங்கினால் அது தொடக்ககாலத் தோல்வி. எலும்பு அதைப் பற்றிக்கொள்ளவே இல்லை என்று பொருள். பல ஆண்டுகள் மென்று பழகியபின் அழற்சியாலும் எலும்புத் தேய்வாலும் நேரும் பிற்காலத் தோல்வி வேறு வகை. இரண்டையும் பிரித்தே ஆராய வேண்டும் என்பதை எஸ்போசிட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் எழுதிய விரிவான மதிப்பாய்வு நிலைநாட்டியது. பிற்காலத் தோல்வியில் நோயாளியின் பராமரிப்பு, பல் கட்டியவரின் வடிவமைப்பு, கடிவிசை எனப் பலவற்றுக்கும் பங்குண்டு. தொடக்ககாலத் தோல்வியிலோ கண்கள் நேராக அறுவை செய்தவரை நோக்கித் திரும்புகின்றன. அவர் முகத்தாடை அறுவை நிபுணரா, ஈறு நோய் நிபுணரா, செயற்கைப் பல் நிபுணரா, பி.டி.எஸ். என்ற இளநிலைப் படிப்பு மட்டும் படித்தவரா? மும்பையில் இந்தச் சிகிச்சை நடக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வி தவறான இடத்தில் விடையைத் தேடுகிறது என்பது என் வாதம்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் தெளிவான பிடி இல்லை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தின் வழியாக வந்த முறையில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்புக்கு ஒன்பது துறைகள் உண்டு. அவற்றில் இம்ப்ளான்ட் தனித்துறை அல்ல. முகத்தாடை அறுவை, ஈறு நோயியல், செயற்கைப் பல் சீரமைப்பு ஆகிய மூன்றும் அதைத் தத்தம் பாடத்திட்டத்தின் பகுதியாகக் கற்பிக்கின்றன. பி.டி.எஸ். பட்டதாரி இம்ப்ளான்ட் போடுவதற்குத் தடையும் இல்லை. அங்கீகாரம் பெற்ற முதுநிலைத் தகுதி இல்லாதவர் தம்மை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கின்றன 2014ஆம் ஆண்டின் ஒழுக்க நெறி விதிகள். ஆனால் சில நாள் பயிற்சி வகுப்பின் சான்றிதழும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும்போது நோயாளியால் வேறுபாடு காண முடிவதில்லை.

இத்துறையின் பிறப்பே பட்டத்தின் எல்லைகளுக்கு வெளியே நிகழ்ந்தது. எலும்பும் டைட்டானியமும் இணைவதை முயல் எலும்பில் கண்டு, 1965இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய பிரோனமார்க், பல் மருத்துவரே அல்லர். மருத்துவம் படித்த உடற்கூற்றியல் பேராசிரியர். அவருடைய முறையை 1982ஆம் ஆண்டு டொரண்டோ மாநாட்டில் வட அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்திய சார்ப், செயற்கைப் பல் நிபுணர். அந்தத் தொடக்க ஆண்டுகளில் அறுவை நிபுணர் ஒருவரும் செயற்கைப் பல் நிபுணர் ஒருவரும் சேர்ந்து வந்தால்தான் பயிற்சி தரப்பட்டது. ஒரே நோயாளியை இருவர் தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ந்தே பார்க்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு பிறகு சந்தையில் கரைந்துபோனது. அந்த இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வை வைத்து லம்பர்ட், மாரிஸ், ஓச்சி மூவரும் 1997இல் எழுதிய கட்டுரை, ஐம்பதுக்கும் குறைவான இம்ப்ளான்ட் போட்ட மருத்துவர்களிடம் தோல்வி ஏறத்தாழ இருமடங்கு என்று காட்டியது. வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிந்தது ஒவ்வொருவரின் முதல் ஒன்பது நோயாளிகளிடம்தான். செண்டிக் குழுவினர் 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே கோடுதான் தெரிந்தது: நிபுணத் துறையை வைத்துப் பிரித்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால் உண்டு. ஜெம்ட் தலைமையிலான குழு கோத்தன்பர்க் மருத்துவமனையின் 28 ஆண்டு காலப் பதிவுகளிலிருந்து 11,074 அறுவைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே கூரையின்கீழ் வேலை செய்த அறுவையாளர்களுக்கிடையிலேயே தொடக்ககாலத் தோல்வி வேறுபட்டது. மருத்துவமனை ஒன்று, முறை ஒன்று, கைகள் மட்டும் வேறு.

துறைவாரி ஒப்பீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு வற்றிப்போன மேல்தாடை, சைனஸ் தளத்தை உயர்த்த வேண்டிய நிலை, விபத்தில் சிதைந்த முகம் எல்லாம் முகத்தாடை அறுவை நிபுணரிடம்தான் போகும். ஈறு நோயால் பல் இழந்தவர்கள் ஈறு நோய் நிபுணரிடம் போவார்கள். சுவீடனில் 2,765 நோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து டெர்க்ஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், 4.4 சதவீத நோயாளிகள் பல் கட்டுவதற்கு முன்பே குறைந்தது ஓர் இம்ப்ளான்டை இழந்திருந்தார்கள். புகைப்பழக்கமும் ஈறு நோயும் அந்த இழப்போடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. கடினமான நோயாளிகள் யாரிடம் அதிகம் போகிறார்களோ அவரிடம் தோல்வியும் கூடுதலாகத் தெரிவது இயல்பு. அதைத் துறையின் குறையாகக் கொள்வது நேர்மையான கணக்கு அல்ல.

இனி மும்பைக்கு வருவோம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலும் இருக்கும் தனியார் பல் கிளினிக்குகளில் பெருவாரியானவை ஒற்றை மருத்துவருக்குச் சொந்தமான, ஒன்றிரண்டு நாற்காலிகளே கொண்ட இடங்கள். இம்ப்ளான்ட் என்று வந்தால் உரிமையாளர் விசிட்டிங் கன்சல்டன்டை அழைக்கிறார். அந்த நிபுணர் தம் அறுவைப் பெட்டியோடு வந்து, ஸ்கேனைப் பார்த்து, போட்டு, தையலிட்டு, அடுத்த கிளினிக்குக்கு ரயில் பிடிக்கிறார். தையல் பிரிப்பது உரிமையாளர். மூன்று மாதம் கழித்து ஈறைத் திறந்து மேல்பாகத்தைத் திருகும்போது நோயாளி முகம் சுளிப்பதைக் காண்பவரும் அவரே. எலும்போடு சேர்ந்த இம்ப்ளான்ட் திருகினால் வலிக்காது. சேராதது ஸ்பேனரோடு சேர்ந்து சுழலும், எக்ஸ்ரேயில் அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அதை எதிர்ப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். குழியைச் சுரண்டிக் கழுவி, "எலும்பு ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

போட்ட கைக்கு இந்தச் செய்தி எப்போது, எந்த விவரத்தோடு போகிறது? அடுத்த வருகையின் இடையில் ஒரு வரி, அல்லது ஒரு வாட்ஸ்அப் படம். அந்த நேரத்தில் துளைப்பான் எத்தனையாவது எலும்பைத் துளைத்தது என்பதோ, உப்புநீர் சரியாகப் பாய்ந்ததா என்பதோ யார் நினைவிலும் இருக்காது. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்படையும் என்று எரிக்சனும் ஆல்பிரக்ட்சனும் 1983இலேயே காட்டிவிட்டார்கள். முனை மழுங்கிய துளைப்பான், கீழ்தாடை முன்பகுதியின் கெட்டி எலும்பு, உள்ளே எட்டாத நீர் ஆகிய மூன்றும் கூடினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். மேலே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இம்ப்ளான்ட் 35 நியூட்டன் சென்டிமீட்டரில் இறுகி நிற்கும், எல்லாரும் மகிழ்வார்கள். கருகிய எலும்பு செத்துப் பின்வாங்க வாரங்கள் ஆகும். தன் தோல்வியைத் தானே கண்ணால் பார்க்காத கை, ஐம்பதைத் தாண்டி ஐந்நூறு போட்டாலும் எதைக் கற்கும்? லம்பர்ட் குழு ஆராய்ந்த மருத்துவர்கள் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஓர் அமைப்புக்குள் இருந்தவர்கள். அவர்களுடைய ஐம்பதும் ஊர் ஊராகப் போகும் கன்சல்டன்டின் ஐம்பதும் ஒரே ஐம்பது அல்ல.

நோயாளியைப் பற்றிய அறிவும் இதேபோல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மகாராஷ்டிரத்தில் புகையிலையைக் கருக்கிப் பொடித்து ஈறில் தேய்க்கும் மிஷ்ரிப் பழக்கம் பெண்களிடையே பரவலானது. குட்காவை மாநில அரசு 2012இல் தடைசெய்த பிறகும் மெல்லும் புகையிலை ஓயவில்லை. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பத்து அம்மா, "சிகரெட், பீடி உண்டா?" என்ற கேள்விக்கு "ச்சே, இல்லைங்க டாக்டர்" என்றுதான் சொல்வார். அது பொய் அல்ல. அவரைப் பொறுத்தவரை மிஷ்ரி பல் தேய்க்கிற பொடி. இருபது வருடமாக அந்தக் குடும்பத்துக்குப் பல் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரியும். அரைமணி நேரம் மட்டும் வந்துபோகும் நிபுணருக்கு எப்படித் தெரியும்? மாட்டுங்காவில் சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவரின் மூன்று மாதச் சர்க்கரை அளவை யார் கேட்டுப் பார்ப்பது என்பதிலும் இதே குழப்பம்தான். கேட்க வேண்டியவர் மற்றவர் கேட்டிருப்பார் என்று இருந்துவிடுகிறார். பழைய இணைப்பயிற்சி முறை அடைத்து வைத்திருந்த இடைவெளி இதுதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. நாயர் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் மூன்றாண்டு ரத்தத்தையும் எலும்பையும் பார்த்துப் பழகிய முதுநிலை நிபுணரை, வார இறுதிச் சான்றிதழ்காரரோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பயிற்சியின் பலம் பட்டத்தில் இல்லை. துளையிட்டவரே மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் அதே நோயாளியின் ஈறைத் திறக்கிறார். ஆடினால் பேராசிரியர் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் அறுபடுவது அந்தத் தொடர்புதான். எனவே துறைவாரித் தடைகளைக் கேட்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. கேட்க வேண்டியது பொறுப்பின் தொடர்ச்சியை.

அதற்கான தரவு இல்லாமலும் இல்லை. டெர்க்ஸ் குழுவுக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க உதவியது சுவீடனின் சமூகக் காப்பீட்டு முகமையின் பதிவேடு. சிகிச்சைச் செலவில் அரசு பங்கேற்றதால் பதிவும் இருந்தது. நம் நோயாளி பெரும்பாலும் தன் கைப்பணத்தில் போடுகிறார், அதனால் அப்படி ஒரு பதிவேடு நமக்கு இயல்பாக அமையவில்லை. ஆனால் இம்ப்ளான்ட் தோற்றதும் பல நிறுவனங்கள் மாற்று இம்ப்ளான்டை இலவசமாகத் தருகின்றன. அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: போட்ட தேதி, எடுத்த தேதி, வரிசை எண், எலும்பின் தன்மை, புகைப்பழக்கம், நீரிழிவு. தொழிலுக்குத் தேவையான அறிவு, விற்பவர் அலமாரியில் உத்தரவாதக் கணக்காகக் குவிகிறது. மகாராஷ்டிர மாநிலப் பல் மருத்துவ மன்றம் அந்தப் படிவத்தின் ஒரு பிரதியை, நோயாளியின் பெயரை நீக்கிவிட்டு, தனக்கும் அனுப்பச் சொல்லலாம். அதில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: துளையிட்டவர் யார், அவர் அதுவரை போட்ட இம்ப்ளான்ட் எத்தனை, தோல்வி அவருக்கு எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது. மெல்லும் புகையிலைக்கு ஒரு கட்டமும், அதில் மிஷ்ரி என்ற சொல்லும் இருக்க வேண்டும். வெற்றிகளையும் சேர்த்து எண்ணினால்தான் சதவீதம் கிடைக்கும். அதற்கு, விற்பனையான இம்ப்ளான்ட்களின் எண்ணிக்கையை நிறுவனங்களிடம் மன்றம் கேட்டுப் பெற வேண்டியிருக்கும்; அந்தக் கோரிக்கையைத்தான் முதலில் வைக்க வேண்டும்.