அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புகள்

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போட்டிகளின் அடித்தளம் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்பு. அளவிலும் நோக்கிலும் ஒத்திருக்கும் சில கல்லூரிகள் தாமாகவே கூடி, தங்களுக்கென விதிகளும் ஆட்ட அட்டவணையும் சாம்பியன் பட்டமும் வகுத்துக்கொள்வதே இதன் சாரம். தொலைக்காட்சி ஒப்பந்தங்களால் பெரும் பணம் ஈட்டும் பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புகளை உலகம் அறியும். சில நூறு முதல் சில ஆயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும் சிறு கல்லூரிகளின் கூட்டமைப்புகளோ எண்ணிக்கையில் அவற்றைவிட அதிகம், வரலாற்றிலும் முந்தியவை.

இவற்றுள் மிகப் பழையது மிச்சிகன் மாநிலத்தில் 1888இல் தொடங்கிய எம்.ஐ.ஏ.ஏ. ஆல்பியன், ஹில்ஸ்டேல், ஆலிவெட் ஆகிய கல்லூரிகளும் அன்றைய மிச்சிகன் வேளாண்மைக் கல்லூரியும் சேர்ந்து இதை உருவாக்கின. அக்காலத்தில் கல்லூரி விளையாட்டை மாணவர் சங்கங்களே நடத்திவந்தன. எதிரணியில் ஆடுபவர் உண்மையிலேயே அந்தக் கல்லூரி மாணவர்தானா என்று கேட்க ஆளில்லை. ஊர்க்காரர்களும் கூலிக்கு ஆடுபவர்களும் அணிகளில் புகுந்தனர். எவர் ஆடலாம், எத்தனை ஆண்டுகள் ஆடலாம், படிப்பில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எல்லாக் கல்லூரிகளும் ஏற்கும் பொதுவிதி தேவைப்பட்டது. அந்தத் தேவையே கூட்டமைப்புகளை வளர்த்தது. கட்டுப்பாடும் படிப்படியாக மாணவர் கையிலிருந்து ஆசிரியர் கைக்கு மாறியது.

ஒஹையோ கூட்டமைப்பு 1902இலும், தெற்குக் கலிஃபோர்னியாக் கூட்டமைப்பு 1915இலும், மினசோட்டாவின் எம்.ஐ.ஏ.சி. 1920இலும் உருவாயின. தொடக்கத்தில் பெரிய நிறுவனங்களும் சிறியவையும் ஒரே பந்தியில் இருந்தன. வளர்ந்தவை மெல்ல வெளியேறின. பின்னாளில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்த வேளாண்மைக் கல்லூரி 1907இல் எம்.ஐ.ஏ.ஏ.யை விட்டது, ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 1912இல் இன்று ‘பிக் டென்’ எனப்படும் கூட்டமைப்பில் சேர்ந்தது. சிறு கல்லூரிக் கூட்டமைப்பு என்ற தனி வகை இப்படிப் பெரியவர்கள் விலகியதால் உருவானதே.

நிறவெறி வேறொரு பிரிவினையை உண்டாக்கியது. வெள்ளையர் கல்லூரிகளோடு ஆட வாய்ப்பில்லாத கறுப்பினக் கல்லூரிகள் 1912இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் கூடி சி.ஐ.ஏ.ஏ.வை அமைத்தன. ஹாம்ப்டன், ஹோவர்ட், லிங்கன், ஷா, வர்ஜீனியா யூனியன் ஆகியவை நிறுவன உறுப்பினர்கள். 1946இல் இக்கூட்டமைப்பு தொடங்கிய கூடைப்பந்துப் போட்டித் தொடர் இன்றும் கறுப்பின மக்களின் பெருவிழாக்களில் ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நேஸ்மித்திடம் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்.

கூட்டமைப்புகளுக்கு மேலே முக்கியமான தேசிய அமைப்புகள் இரண்டு உள்ளன. முதலாவது 1906இல் தோன்றி 1910இல் இன்றைய பெயரைப் பெற்ற என்.சி.ஏ.ஏ. இரண்டாவது என்.ஏ.ஐ.ஏ.; கான்சஸ் சிட்டியில் 1937இல் சிறு கல்லூரிகளுக்காக நடந்த கூடைப்பந்துப் போட்டி இதன் வேர். நேஸ்மித்தும் அதில் பங்குகொண்டார். கறுப்பின வீரர்களுக்கு விதித்திருந்த தடையை இந்த அமைப்பு 1948இல் நீக்கியது; 1953இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கு உறுப்புரிமை தந்தது. மெக்லெண்டன் பயிற்றுவித்த டென்னசி ஏ அண்ட் ஐ அணி 1957 முதல் 1959 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதன் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. பெரிய அமைப்புகள் தயங்கிய காலத்தில் சிறு கல்லூரிகளின் அமைப்பு செய்த இந்தக் காரியம் உரிய அளவில் நினைக்கப்படுவதில்லை.

என்.சி.ஏ.ஏ. 1950களில் தன் உறுப்பினர்களைப் பல்கலைக்கழகப் பிரிவு, கல்லூரிப் பிரிவு என இரண்டாக்கியது, 1973இல் மூன்றாக்கியது. முதற்பிரிவில் முழு உதவித்தொகையும் பெரும் வணிகமும் உண்டு. இரண்டாம் பிரிவில் உதவித்தொகை அளவோடு தரப்படுகிறது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை தரவே கூடாது. ஏறத்தாழ 430 நிறுவனங்களைக் கொண்ட இந்த மூன்றாம் பிரிவுதான் மூன்றிலும் பெரியது. ஆனால் என்.சி.ஏ.ஏ. தன் வருவாயில் அதற்கு ஒதுக்குவது 3.18 சதவீதம், இரண்டாம் பிரிவுக்கு 4.37 சதவீதம்.

ஒரு சிறு கல்லூரிக் கூட்டமைப்பின் உச்ச அதிகாரம் உறுப்புக் கல்லூரிகளின் தலைவர்கள் அடங்கிய மன்றத்திடம் இருக்கும். புதிய உறுப்பினரைச் சேர்ப்பது, நீக்குவது, நிதி, கொள்கை எல்லாம் அவர்கள் முடிவு. அவர்களுக்குக் கீழே விளையாட்டுத் துறை இயக்குநர்களின் குழு போட்டி விதிகளையும் அட்டவணையையும் கவனிக்கிறது. படிப்பின் நலனைக் காக்க ஒவ்வொரு கல்லூரியும் ஓர் ஆசிரியப் பிரதிநிதியை நியமிக்கிறது. அன்றாட வேலைக்குச் சம்பளம் பெறும் ஆணையரும், சில பேர் மட்டுமே கொண்ட அலுவலகமும் உண்டு. நடுவர்களை ஏற்பாடு செய்வது, புள்ளிவிவரம் தொகுப்பது, வாராந்தரச் சிறந்த வீரரை அறிவிப்பது, தகராறு தீர்ப்பது எல்லாம் இவர்கள் தலையில். செலவை உறுப்பினர் சந்தாவே பெருமளவு தாங்குகிறது.

அட்டவணை போடுவது இவ்வேலைகளில் நுட்பமானது. வகுப்புகள் கெடக்கூடாது, தங்கும் செலவு கூடக்கூடாது. அதனால் அன்றே திரும்பக்கூடிய தொலைவில் ஆட்டங்களை வைக்கிறார்கள். கூடைப்பந்தில் பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் ஒரே நாளில் ஒரே அரங்கில் அடுத்தடுத்து நடப்பது வழக்கம். லீக் சுற்று முடிந்ததும் முன்னணி அணிகள் கூட்டமைப்புத் தொடரில் மோதும். அதில் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கும். இந்த நேரடி இடத்துக்குக் குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை விதிக்கப்பட்டிருப்பதால், ஓரிரு கல்லூரிகள் விலகினாலே ஒரு கூட்டமைப்பு ஆட்டம்காணும். எல்லாக் கல்லூரிகளும் எல்லா விளையாட்டிலும் அணி வைத்திருப்பதில்லை. ஆகவே ஒரே ஒரு விளையாட்டுக்காக வேறொரு கூட்டமைப்பில் இணை உறுப்பினராகச் சேரும் ஏற்பாடும் உண்டு.

மூன்றாம் பிரிவில் நுழைவுச்சீட்டால் பெரிய வருமானம் இல்லை, உதவித்தொகையும் இல்லை; பிறகு எதற்கு இத்தனை அணிகள்? விடை மாணவர் சேர்க்கையில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு பேரைக் கல்லூரிக்குக் கொண்டுவரும். அவர்கள் கட்டணம் செலுத்தும் மாணவர்கள். சில சிறு கல்லூரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஏதேனும் ஓர் அணியில் ஆடுகிறார்கள். பார்க்க வருவோரிடம் அல்ல, ஆட வருவோரிடமே இங்கு வருமானம். இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்றாம் பிரிவைப் புரிந்துகொள்ள முடியாது.

எல்லாக் கூட்டமைப்பும் பக்கத்து ஊர்களால் ஆனதல்ல. 1986இல் உருவான யு.ஏ.ஏ., சிகாகோ, எமரி, ராச்செஸ்டர், நியூயார்க் போன்ற ஆய்வுப் பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. ஆட்டங்களுக்கு விமானத்தில் போகிறார்கள். தூரத்தைவிடக் கல்வித் தகுதியின் ஒற்றுமையே அங்கே அளவுகோல். ‘பிக் டென்’னைத் தொடங்கியவற்றுள் ஒன்றான சிகாகோ, 1939இல் கால்பந்து அணியைக் கலைத்து, 1946இல் அக்கூட்டமைப்பையே விட்டு வந்தது. நியூ இங்கிலாந்தின் நெஸ்காக் இன்னொரு வகை. ஆம்ஹர்ஸ்ட், போடன், வெஸ்லியன், வில்லியம்ஸ் ஆகிய நான்கும் 1955இல் செய்த உடன்பாட்டிலிருந்து 1971இல் பிறந்த இது, நீண்டகாலம் தன் அணிகளைத் தேசியப் போட்டிகளுக்கே அனுப்பவில்லை. 1990களில்தான் மற்ற விளையாட்டுகளுக்கு அனுமதித்தது, கால்பந்தை அப்போதும் விலக்கியே வைத்தது.

பெண்கள் விளையாட்டு இக்கூட்டமைப்புகளுக்குள் தாமதமாகவே வந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் வந்தபோது, பெண்களின் போட்டிகளை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு நடத்திவந்தது. என்.ஏ.ஐ.ஏ.வும் என்.சி.ஏ.ஏ.வும் 1980களின் தொடக்கத்தில் மகளிர் பட்டங்களைத் தொடங்கியதும் அது கலைந்தது. 1984இல் ஆட்டங்களைத் தொடங்கிய நார்த் கோஸ்ட் கூட்டமைப்பு, ஆண், பெண் விளையாட்டுகளுக்குச் சம இடம் என்பதை அடிப்படையாகவே வைத்துக்கொண்டது.

கூட்டமைப்பின் உயிர் சமநிலையில் இருக்கிறது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் சான்று. தெற்குக் கலிஃபோர்னியாவில் கால்டெக் ஆண்கள் கூடைப்பந்து அணி 26 ஆண்டுகளில் 310 கூட்டமைப்பு ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, 2011 பிப்ரவரியில் ஆக்சிடென்டல் கல்லூரியை 46-45 என்று வென்றது. அத்தனை காலமும் கூட்டமைப்பு அதைத் தன்னுடனேயே வைத்திருந்தது. மினசோட்டாவில் நேர்மாறு. எம்.ஐ.ஏ.சி.யின் நிறுவன உறுப்பினரான செயின்ட் தாமஸ், மற்ற உறுப்பினர்களைவிட மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டிருந்தது. 2017இல் அதன் கால்பந்து அணி செயின்ட் ஓலாஃபை 97-0 என்று வீழ்த்தியது. போட்டியில் சமநிலை இல்லை என்று சொல்லி 2019இல் அதை வெளியேற்ற முடிவாயிற்று. 2021இல் அது மூன்றாம் பிரிவிலிருந்து நேரே முதற்பிரிவுக்குச் சென்றது. ஓயாமல் தோற்பவரைத் தாங்கும் கூட்டமைப்பால் ஓயாமல் வெல்பவரைத் தாங்க முடியவில்லை.

அண்மைக் காலத்தில் வேறு நெருக்கடி. கல்லூரி வயதினர் குறைவதாலும் கடன்சுமையாலும் சிறு கல்லூரிகள் மூடப்படுகின்றன. பென்சில்வேனியாவின் கப்ரினி பல்கலைக்கழகம் 2024இல் மூடப்பட்டதும் அட்லாண்டிக் ஈஸ்ட் கூட்டமைப்பு ஓர் உறுப்பினரை இழந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கொலோனியல் ஸ்டேட்ஸ் கூட்டமைப்பு, யுனைடெட் ஈஸ்ட் என்ற மற்றொரு கூட்டமைப்புடன் இணைந்தது.

இதே காலத்தில் பெரிய நிறுவனங்களின் பாதை வேறாகிவிட்டது. முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்யும் வழக்குச் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். மூன்றாம் பிரிவிலோ விளையாட்டு உதவித்தொகைக்கான தடை இன்றும் நடைமுறையில் உள்ளது.