லேபர் என்றால் யார்?

எங்கள் சேரியில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் நடத்துகிறோம். ஒருநாள் வேலை, சம்பளம் சம்பந்தமான ஆங்கிலச் சொற்கள். சேலரி, இன்கிரிமென்ட், கிராஜுவிட்டி, பென்ஷன் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் அம்மா சிரித்தார். நகராட்சியில் தெருக்கூட்டி அவருக்கு இருபத்திரண்டு வருசம் ஓடிவிட்டது.

"இங்கிலீசு எனக்குந்தான் தெரியும். மஸ்டரு, டூட்டி, லேட்டு, ஆப்சென்ட்டு, மெமோ, சஸ்பெண்டு. போதுமாடி?"

"சேலரி?"

"அது ஆபீசுல உக்காந்திருக்கவங்களுக்கு. நமக்குக் கூலி."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சொன்னதெல்லாம் கட்டளைச் சொற்கள், தண்டனைச் சொற்கள். கரும்பலகையில் இருந்தவை உரிமைச் சொற்கள். நம் சனங்கள் பள்ளிக்கூடம் போகாமலே ஆங்கிலம் கற்றவர்கள். எந்தச் சொல் அவர்கள் காதில் முதலில் விழுந்தது, எது விழாமலே போனது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கூலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' தமிழிலிருந்து போனது என்பார் பலர். குஜராத்தின் 'கோலி' சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பலன். வெள்ளைக்காரன் வாயில் உழைக்கிற ஆளே கூலி ஆகிப்போனான். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்த ஆட்களை ஏற்றிப் போனது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களில் பெரும்பங்கு நம் மக்கள். ஊரில் ஆண்டையிடம் பட்ட கடனும் பஞ்சமும் துரத்த, கங்காணி பின்னால் நடந்தார்கள். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லைன் 'லயம்' ஆயிற்று. விடியுமுன் ஆள் எண்ணும் பரேடு 'பெரட்டு' ஆயிற்று. இடத்தையும் நேரத்தையும் கட்டிப்போடுகிற சொற்களே முதலில் வந்தன. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தியைக்கூட 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் வெள்ளையர்கள் சொன்னார்கள். கூலி என்பது வேலையின் பெயராக இல்லாமல் பிறப்பின் பெயராக மாறிவிட்டதற்கு அதுவே சாட்சி.

ஆனால் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு நம் முன்னோர் சும்மா இருந்துவிடவில்லை. அவர்களாகவே எடுத்துக்கொண்ட சொல் 'பெட்டிஷன்'. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, 1893இல் இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாசன சபையும் அதை எதிர்த்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 112 அடி நீளம், 3412 கையெழுத்துகள். சாதி இந்துக்களே கலெக்டராக வந்து உட்கார்ந்தால் எங்கள் கதி என்ன என்பதுதான் கேள்வி. தேசத் துரோகம் என்று இன்றும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வேலை யாருக்கு, அதிகாரம் யாருக்கு என்று அன்றைக்கே கேட்ட குரலாகத்தான் நாம் அதைப் பார்க்கிறோம்.

அடுத்தது 'லேபர்'. சென்னை மாகாணத்தில் 1920 வாக்கில் லேபர் கமிஷனர் என்ற பதவி செயல்படத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர் விவகாரங்களும் அவரிடம் இருந்தன. ஆனால் அவருடைய முக்கிய வேலை சேரிக்கு மனைப்பட்டா கொடுப்பது, கிணறு வெட்டுவது, பள்ளிக்கூடம் திறப்பது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நுழைய முடியாத பிள்ளைகளுக்கு அவர் திறந்தது 'லேபர் ஸ்கூல்'. அதில் படித்தவர்கள் எல்லாரும் குழந்தைகள். குழந்தை எப்படி லேபர் ஆகும்? அப்பன் பண்ணையாள், ஆகவே பிள்ளையும் லேபர். சாதி என்ற சொல்லைத் தொடாமல் சாதியைக் குறிக்க அரசாங்கத்துக்கு ஒரு கௌரவமான சொல் கிடைத்துவிட்டது. அந்தப் பள்ளிகளால் நமக்கு நன்மை இல்லையா என்றால், உண்டு. எழுத்து வந்ததே அங்கேதான். பெயர்ப் பலகையில் இருந்த குத்தையும் மறக்க முடியாது. 1949இல் அந்தப் பணிகள் அரிசன நலத்துறைக்குப் போயின; பின்னாளில் அது ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று.

அதே சொல்லை அம்பேத்கர் வேறு பக்கம் திருப்பினார். 1942இலிருந்து 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் அவர் லேபர் மெம்பர். சாதிக்கு மறுபெயராக இருந்த லேபர், அவர் கையில் சட்டமாகப் பேசியது. சுரங்கப் பெண்களின் பேறுகால உதவிச் சட்டத்துக்கு 1943இல் திருத்தம் கொண்டுவந்தார். ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 1946 திருத்தத்தில் 48 ஆகக் குறைந்தது. போர் முடிகிற காலத்தில், 1945இல், அவருடைய துறையின் கீழ்தான் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வந்தன. "எம்ப்ளாய்மென்ட்டுல பதிஞ்சிட்டியா?" என்று தெருவுக்குத் தெரு கேட்ட கேள்வியின் பூர்வீகம் அதுதான். அந்தச் சொல்லுக்கு வேலை என்று அர்த்தம் என்பதே பலருக்குத் தெரியாது. பதிந்துவிட்டுக் காத்திருக்கிற ஆபீசு என்றுதான் தெரியும். காத்திருந்தே வயசு போனவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இப்போது பெயர்கள் மாறிவிட்டன. ஸ்கேவஞ்சர் போய் சானிட்டரி ஒர்க்கர், துப்புரவுப் பணியாளர், 2020 முதல் தூய்மைப் பணியாளர். கூடவே அவுட்சோர்சிங் வந்தது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் 'பர்மனென்ட்'. அதை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

மறுவாரம் கரும்பலகையில் வேறு பட்டியல் எழுதினேன். மினிமம் வேஜஸ், பி.எப்., இ.எஸ்.ஐ., பே ஸ்லிப். அம்மா உள்ளே வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தார். "பே ஸ்லிப்புன்னா என்னடி?" என்றார். இருபத்திரண்டு வருசத்தில் அந்தத் தாளை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதைக் கேட்டு அன்று ராத்திரியே ஒரு பெட்டிஷன் எழுதினோம். பதினெட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழு பேர் அன்றைக்குத்தான் தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள்.