தாவளம் முதல் மின்னேற்று நிலையம் வரை
ஊவா மலைப்பாதைகளின் தரிப்பிடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பாதைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாதையை அமைத்தவர் யார், எவ்வாண்டில் அமைத்தனர், அதனால் விளைந்த வருவாய் யாது என்பனவற்றையே ஆராய்வர். அப்பாதையிற் சென்ற வண்டி எங்கே நின்றது, அதனை இழுத்த மாட்டுக்கோ எஞ்சினுக்கோ இரையும் நீரும் எங்கே கிடைத்தன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆயினும் ஒரு போக்குவரத்து முறையால் நன்மையடைந்தவர் யார், அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர் யார் என்பதை அறிதற்குத் தரிப்பிடங்கள் நல்ல சான்றுகளாகும். மின்சாரத்தால் ஓடும் கார்களுக்கு வீதியோரத்திற் பொது மின்னேற்று நிலையங்கள் அமைப்பது பற்றி இன்று பேசப்படுகின்றது. அப்பேச்சு ஊவா மாகாணத்துத் தோட்ட மக்களுக்கு எத்தகைய பொருளுடையது என்பதைப் பதுளைப் பாதைகளின் கடந்தகாலத்தினூடாக விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாடும் மனிதனும்

தாவளம் என்ற சொல் தமிழில் தங்குமிடத்தைக் குறிக்கும். கண்டி இராச்சியத்திலோ அதனையொத்த சொல் பொதிமாட்டுக் கூட்டத்திற்குப் பெயராய் வழங்கிற்று. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் சுமந்து மலையேறிய இம்மாடுகள் பாக்கு முதலிய விளைபொருள்களைச் சுமந்து கீழிறங்கின. வழிப்போக்கர் தங்கிச் செல்ல அம்பலங்கள் இருந்தன. வண்டிப்பாதைகள் அமைந்தபின் கோப்பித் தோட்டங்களின் விளைச்சலைத் துறைமுகத்திற்கும், தொழிலாளர்க்கான அரிசியைத் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றவை மாட்டுவண்டிகளே. புல்லும் நீரும் உள்ள இடங்களில் வண்டிகள் தரித்தன. தரித்த இடங்களிற் கடைகள் தோன்றின. கடைகள் பெருகித் தெருக்களாயின.

இதே காலத்தில், 1820களிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். அவர்களுக்கு வண்டியில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து தத்தம் தோட்டங்களுக்கு மேலும் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி கீழே செல்வதற்கு வேண்டிய ஏற்பாடு, அதனை விளைவிப்போர் மேலே வருவதற்கு வேண்டியதாகக் கருதப்படவில்லை. பாதையின் தரிப்பிடங்கள் சரக்கை நோக்கியே அமைந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீராவியின் வருகை

1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. தேயிலைக்குப் புகையிரதம் வேண்டியிருந்தது. 1885இல் நானுஓயாவை அடைந்த பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டிற்று. பதுளையோ மேலும் முப்பதாண்டுகள் காத்திருந்து 1924இலேயே புகையிரதத்தைக் கண்டது. தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்தின் அடியிலேயே புகுந்து செல்வதும், அதற்கு அண்மையில் ஒன்பது வளைவுப் பாலம் நிற்பதும் பலரும் அறிந்தவை.

44 அடி தூரத்திற்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் ஏறும் நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியும் நீரும் இடையிடையே வேண்டும். ஆகவே மலைப்பாதையின் நிலையங்கள் பயணிகள் ஏறி இறங்கும் இடங்களாக மட்டுமன்றி, எஞ்சின் நீரருந்தும் இடங்களாகவும் இருந்தன. ஆனால் நிலையத்திற்கும் லயத்திற்கும் இடையிலிருந்த பல மைல் மண்பாதையில் தேயிலைப் பெட்டிகளே வண்டியேறின. கொழுந்து பறித்தவளின் கூடை அவள் முதுகிலேயே இருந்தது. 1950களிற் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தபின் நீர்த்தொட்டிகள் படிப்படியாகப் பயனற்றுப்போயின. அப்புதிய எஞ்சின்கள் டீசலை எரித்துத் தம்முள்ளேயே மின்சாரத்தை உண்டாக்கி, அதனாற் சக்கரங்களைச் சுழற்றின. அவ்வகையில் மின்சாரம் மலைப்பாதையில் வண்டியிழுக்கத் தொடங்கிப் பல தசாப்தங்கள் கடந்துவிட்டன எனலாம்.

பெற்றோலும் வரிசையும்

1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்த விநியோகம் 1964இன் தொடக்கத்தில் முழுமையாக அதன்பாற் சேர்ந்தது. உடைமை மாறிய போதிலும் எரிபொருள் நிலையங்கள் நகரங்களிலும் பெருவீதிகளிலுமே நின்றன. பிற்காலத்தில் தோட்டப் பாதைகளில் ஓடத் தொடங்கிய முச்சக்கரவண்டியே தோட்ட மக்களின் பஸ்ஸும் அம்புலன்ஸுமாயிற்று. அதுவும் பெற்றோலுக்காக நகரத்திற்கு இறங்கியே ஆகவேண்டும்.

இதன் பொருளை 2022 உணர்த்திற்று. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான எரிபொருள் அனுமதிமுறையில் முச்சக்கரவண்டிக்குத் தொடக்கத்தில் வாரத்திற்கு 5 லீற்றர் வழங்கப்பட்டது. அப்பொழுது உயர்தர வகுப்பில் இருந்த நான், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வண்டியோட்டும் என் தந்தையாருடன் நிலையமொன்றின் முன்னே இரண்டு இரவுகள் வரிசையில் நின்றேன். எமது முறை வருமுன் பெற்றோல் தீர்ந்துவிட்டது. அதே வாரத்தில் அயல் லயத்து அக்கா ஒருவருக்குப் பிரசவ வலி கண்டது. ஐந்து வண்டிகளின் தாங்கிகளிலிருந்து வடித்துச் சேர்த்த பெற்றோலிலேயே அவர் பதுளை சென்று சேர்ந்தார். தாயும் பிள்ளையும் நலம். எனினும் நிரப்புமிடம் தூரத்தில் இருத்தல் என்பதன் பொருளை நான் நூலிற் கற்கவில்லை.

மின்சாரம் சென்ற வழி

இலங்கையில் மின்விளக்கு 1895இற் கொழும்பிலே எரிந்தது. 1899இல் அந்நகரில் மின்சார டிராம் வண்டி ஓடிற்று. அது 1960 வரை நீடித்தது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஒரு கட்டுரையாக முன்வைத்தார். லக்சபானா மின்னிலையம் 1950இலேயே இயங்கியது. 1969இல் இலங்கை மின்சார சபை தோன்றிற்று. இதற்கெல்லாம் முன்னரே பல தோட்டங்களில் ஓடைநீரால் இயங்கிய சிறு விசையாழிகள் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விசையளித்தன. தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் மின்விளக்கு எரிந்த காலத்தில், லயத்துக் காம்பராவில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நூறு யார் தூரத்தைக் கடக்க மின்சாரத்திற்குப் பல தசாப்தங்கள் வேண்டியிருந்தன.

அண்மைக்கால நிகழ்வொன்றும் இங்கு நோக்கத்தக்கது. 2024 ஏப்ரிலில் உமாஓயாத் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. எல்லவுக்கு அண்மையில் நிலத்தடியில் அமைந்த அதன் மின்னிலையத்தின் கொள்ளளவு 120 மெகாவாட். அதற்கெனச் சுரங்கம் தோண்டியபோது, 2014 இறுதியிலிருந்து பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியை ஊவா மண் ஏற்கெனவே செலுத்திவிட்டது என்று கூறின் அது மிகையன்று.

வீதியோர மின்னேற்றம்

2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிச்சலுகையால் மின்கார்கள் இலங்கைக்குப் பெருமளவில் வந்தன. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிற் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. பெற்றோல் முச்சக்கரவண்டிகளை மின்வண்டிகளாக மாற்றும் முயற்சிகளும் நெருக்கடிக்குப் பின் தொடங்கின.

மின்காரின் இயல்பு பெற்றோல் காரினின்று ஒருவகையில் வேறுபட்டது. பெற்றோலை எவரும் வீட்டில் நிரப்புவதில்லை. மின்காரோ தன் வீட்டு முற்றத்தில் இரவு முழுதும் நின்று மின்னேற்றிக் கொள்கின்றது. சாதாரண வீட்டு மின்னிணைப்பில் 2 முதல் 3 கிலோவாட் வரை பெறலாம். 50 கிலோவாட் விரைவு நிலையத்தில் ஒரு மணிநேரத்திற்குட்பட்ட வேலை அங்கு ஓரிரவு எடுக்கும். மலைநாட்டில் இத்தேவை கூடுதலாகும். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் வெல்லவாயவிலிருந்து அப்புத்தளை வரை சுமார் 1,200 மீற்றர் உயரம் ஏறுவதற்கு மட்டும் 5 அலகு அளவு மின்சாரம் செலவாகும். 24 அலகு கொள்ளும் பழைய மின்கலத்தில் இது ஐந்திலொன்று. இறங்கும்போது அதிற் சிறிது திரும்பக் கிடைக்குமாயினும் மலையேறி வந்த வண்டிக்கு மேலே ஒரு தரிப்பிடம் இன்றியமையாதது.

முற்றம் இல்லாதவர் யாது செய்வர்? இவ்வினா இலண்டனிலும் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட தொடர்வீடுகளில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆதலால் அங்கே தெருவிளக்குக் கம்பங்களிலேயே மின்னேற்றும் வாய்களைப் பொருத்தினர். அதே நூற்றாண்டில் நம் மலைகளில் எழுந்த தொடர்வீடு லயமாகும். ஒரே கூரையின் கீழ்ப் பல காம்பராக்கள். முன்னே குறுகிய வாசல். வண்டி நிற்பதோ படிகளுக்குக் கீழே, பொதுப்பாதையோரத்தில். வீட்டு மின்னேற்றம் என்ற வசதி இங்கே அமைப்பிலேயே இல்லை. எனவே வீதியோர நிலையம் செல்வர்க்கு ஒரு மேலதிக வசதியாகலாம். லயத்தில் வாழ்பவர்க்கோ அது ஒன்றே வழியாகும்.

நாட்சம்பளம் பெறும் தொழிலாளிக்குக் காரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று கேட்போர் உளர். அவர்கள் கேட்பதில் நியாயமுண்டு. கூலி உயராது, காணியும் வீடும் உரிமையாகாது, மின்கம்பம் மட்டும் வந்து பயனில்லை. ஆனால் இங்குக் கூறப்படுவது காரை மட்டும் பற்றியதன்று. நோயாளியையும் மாணவரையும் ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டி நாளை மின்சாரத்தில் ஓடுமாயின், அது எங்கே மின்னேற்றும் என்பதே வினா. அதற்கு விலையுயர்ந்த விரைவு நிலையம் தேவையில்லை. தோட்டப் பாதை பெருவீதியைச் சந்திக்கும் சந்தியிலோ, மருந்தகத்தின் அருகிலோ, பாடசாலை வாயிலிலோ மானியுடன் கூடிய சில எளிய இணைப்புகள் போதும். நாட்டின் மின்தேவை உச்சமடைவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அதன்பின் விடியும் வரை மெதுவாக மின்னேற்றின் மின்வலையமைப்புக்கும் சுமை குறையும்.

முடிவுரை

பொதிமாடு, நீராவி, பெற்றோல் என விசை மாறிய ஒவ்வொரு தருணத்திலும் ஊவாவிற் புதிய தரிப்பிடங்கள் தோன்றின. அவை எங்கே அமையவேண்டும் என்பதைச் சரக்கும் உடைமையாளருமே தீர்மானித்தனர். பாதையை வெட்டியவரிடம் எவரும் கேட்கவில்லை. பிந்திய தலைமுறைகள் அத்தூரத்தை நடந்தே தீர்த்தன. இன்று விசை மீண்டும் மாறுகின்றது. ஊவாத் தோட்டப் பாதைகளிற் கம்பங்களை எங்கே நடுவது என்பதை இப்பொழுதே கேட்கலாம். பிரதேச சபைகளும் மாகாண நிருவாகமும் மின்சாரத் துறையினரும் அத்தீர்மானத்தை எடுக்குமுன் சுற்றுலா விடுதிகளின் வாயிலை மட்டும் நோக்காது, படிகளுக்குக் கீழே நிற்கும் முச்சக்கரவண்டிகளையும் நோக்கவேண்டும். அங்ஙனம் நோக்கச் செய்வது, அவ்வண்டிகளில் ஏறிப் பாடசாலைக்கும் பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்கும் வந்து சேர்ந்த எம்போன்றோரின் கடமையுமாகும்.