ஒரே பாட்டில் நின்ற பெயர்

வேலை முடிந்து பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் உங்களிடம் இன்று பாட்டுகளின் வரலாறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம்.

நாம் சிறுவராய் இருந்தபோது, சிம்பாங் பூலாய் வட்டாரத் தோட்டங்களிலே கல்யாண வீடென்றால் ஒலிபெருக்கியில் 'சுராங்கனி' முழங்கும். அந்தப் பாட்டால் புகழ்பெற்றவர் இலங்கையின் ஏ. ஈ. மனோகரன். 1977-இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் நம் நாட்டு மலேசியா வாசுதேவனும் அதைப் பாடினார். மனோகரன் சிங்களத்திலும் தமிழிலும் பல பாட்டுகள் பாடியவர், திரைப்படங்களிலும் நடித்தவர், 2018-இல் சென்னையில் காலமானார். ஆயினும் அவர் பெயரைச் சொன்னால் நம் நாவில் வருவது அந்த ஒரே பாட்டுத்தான். ஏன் இப்படி?

பாட்டுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் தொடங்கிய கதையில் இதற்கு விடை உண்டு. 1952 நவம்பரில் இலண்டன் இசைப் பத்திரிகை ஒன்று, சுமார் 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்த இசைத்தட்டு அதிகம் விற்றது என்று விசாரித்தது. அதைக்கொண்டு 12 இடங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. பிரிட்டனின் முதல் பட்டியல் அதுவே.

1954-இல் கிட்டி காலன் என்ற அமெரிக்கப் பாடகி அப்பட்டியலில் முதலிடம் பிடித்தார். அதன்பிறகு அவர் பெயர் அங்கே வரவேயில்லை. ஆகவே ஒரு பாட்டுக்காரியென்று பெயர் விழுந்தது. ஆனால் அமெரிக்காவிலே அவர் 1940-களிலேயே பெரிய வாத்தியக் குழுக்களோடு பாடிப் புகழ்பெற்றவர்!

1963-இல் ஜப்பானியரான கியூ சகமோட்டோ தம் தாய்மொழியில் பாடிய பாட்டு, அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜப்பானியத் தலைப்பு மேல்நாட்டார் வாயில் நுழையாதென்று 'சுகியாக்கி' என ஓர் உணவின் பெயரைச் சூட்டினார்கள். பிறகு அவருடைய எந்தப் பாட்டும் அங்கே முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை. ஜப்பானிலோ, 1985-இல் விமான விபத்தில் இறக்கும்வரை அவர் நாடறிந்த கலைஞர்.

ஆள் ஒருவர்தான்; எண்ணிய இடம் வேறு. பால் நிறுக்கும் தராசு வாளியில் உள்ளதைக் காட்டும். வெட்டியவர் விடியுமுன் எழுந்ததைக் காட்டாது. பரீட்சைப் பட்டியலில் நம் பிள்ளையின் பெயரைத் தேடும் நாளிலும் இதை மறவாதிருப்போம்.

பிள்ளைகளே, மனோகரனின் வேறொரு பாட்டுத் தெரியுமா என்று இன்றிரவே வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.