புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்



உங்கள் பிள்ளை இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாரா? அப்படியென்றால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நூலகத்தில் நீயாகவே ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்திருக்கிறாயா?" பலர் இல்லை என்பார்கள். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நம் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது டூயி தசம முறை. அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்டது. அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகவும், ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகவும் பிரித்துக்கொண்டே போகும். 500 என்றால் அறிவியல், அதற்குள் 510 கணிதம். 600 தொழில்நுட்பம், அதற்குள் 677 ஜவுளி.

பனியன் தொழிலில் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஜவுளி 677இல் இருக்கிறது. சாயமிடுதல் 667க்குப் போய்விட்டது. கைப்பின்னல் கலைகளோடு சேர்ந்து 746இல் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு ஒரே தொழில். அலமாரியில் மூன்று இடம். தமிழ் இலக்கியத்தின் நிலையும் இதுதான். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழு வரிசை, தமிழுக்கு 894.811.

இந்தக் குறையை எதிர்கொண்டவர் ஒரு தமிழர். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மங்களூர், கோயம்புத்தூர், சென்னை அரசுக் கல்லூரிகளில் கணக்கு வாத்தியார். தாராபுரம் கோவை மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆளில்லா நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், விரைவிலேயே பழைய வேலைக்குத் திரும்பக் கேட்டார். "லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற பொருளில் பதில் வந்தது. போனார். திரும்பி வந்தவர் நீண்ட காலம் அந்த நூலகத்தை விடவில்லை.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளைத் திருகாணியால் மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம் வருகிறது. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று தோன்றியது. எந்தப் பொருள், அதில் என்ன வேலை, எந்த ஊர், எந்தக் காலம் என்ற துண்டுகளைக் குறிகளால் இணைத்தார். முக்கால் புள்ளியே முதல் திருகாணி. அதனால் 'கோலன் பகுப்பு முறை' என்று பெயர். 1933இல் வெளிவந்தது. அதில் தமிழ் மொழிக்கு இரண்டே இலக்கம்: 31.

அதற்கு முன்பே, 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதிவிட்டார். அதில் ஒன்று: வாசகரின் நேரத்தை வீணாக்காதே. எண் ஒட்டுவதே அதற்காகத்தான். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். அதனால்தான், எடுத்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்காமல் மேசையில் விடச் சொல்கிறார்கள்.

ஆகவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: முதலில் நூலகக் கணினியில் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். புள்ளிக்குப் பின் வருவது தசமம் என்பதை மறக்க வேண்டாம், 677.12 முதலில், 677.2 பிறகு. தேடிய புத்தகம் கிடைத்ததும், அதன் இருபுறமும் இருப்பவற்றையும் ஒரு பார்வை பார்க்கட்டும். பெயரே தெரியாத நல்ல புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும்.